கோடியில் ஒரு கதிர்

நுண்ணோக்கியின் வரலாறு ஒருவகையில் சாயங்களின் வரலாறும்கூட. செல்லின் பெரும்பகுதி நீர். கண்ணாடிச் சில்லின் மேல் வைத்தால் பெரும்பாலும் நிறமற்றே தெரியும். 1856இல் பெர்கின் முதல் அனிலின் சாயத்தைக் கண்டறிந்தபின், அத்தகைய சாயங்களைக் கொண்டு செல்லின் உட்பகுதிகளுக்கு நிறமேற்றிப் பார்க்கும் வழக்கம் பரவியது. ஆனால் அதற்கு முன் செல்லை ஆல்கஹாலிலோ ஃபார்மலினிலோ இட்டுப் பதப்படுத்துவதே பொதுமுறை. படம் தெளிவாகக் கிடைக்கும்; உயிர் போயிருக்கும்.

உயிரோடிருக்கும் செல்லிடமே அதன் நிறத்தைக் கேட்டறிய முடியாதா? 1882இல் எங்கெல்மன் என்ற ஜெர்மானியர் நுண்ணோக்கியின் கீழ் பச்சைப்பாசி இழையொன்றின்மீது குட்டி நிறமாலையை விழச்செய்தார். ஆக்சிஜனை நாடும் பாக்டீரியாக்கள் சிவப்பிலும் நீலத்திலும் மொய்த்தன. பாசி எந்த நிறங்களை உண்டு வாழ்கிறது என்பது அவ்விதம் வெளிப்பட்டது. எனினும் பாசிக்குப் பச்சையம் உண்டு. நிறமே இல்லாத செல்லுக்கு என்ன வழி?

அந்த வழி உயிரியலிலிருந்து வரவில்லை. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் கல்கத்தாவில் திரவங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். சூரிய ஒளியை ஊதா வடிகட்டி வழியே திரவத்துக்குள் செலுத்தி, வெளிவரும் ஒளியைப் பச்சை வடிகட்டி வழியே நோக்கினர். முதல் வடிகட்டி விடும் ஒளியை இரண்டாவது மறைத்துவிடும். இருள்தான் தெரிய வேண்டும். தெரிந்ததோ மங்கலான ஒளித்தடம். ஏறத்தாழ அறுபது திரவங்களில் அதைக் கண்டு, 1928 மார்ச்சில் இருவர் பெயரிலும் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். 1930இல் நோபெல் பரிசு ராமனுக்கு மட்டுமே வந்தது.

மூலக்கூறுகள் ஓயாது அதிர்கின்றன. அந்த அதிர்வோடு ஒளி சற்றே ஆற்றலைக் கொடுத்து வாங்கும்போது அதன் நிறம் மாறுகிறது. எவ்வளவு மாறுகிறது என்பது மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும். கொழுப்புக்கு ஒன்று, புரதத்துக்கு ஒன்று, மரபுப்பொருளுக்கு ஒன்று. நீரின் தடமோ மிக மெலிது. எனவே நீர் நிறைந்த செல்லை அப்படியே ஆராயலாம். சாயம் வேண்டியதில்லை. இடர் ஒன்றுதான்: இப்படி நிறம் மாறிவரும் கதிர், ஒளித்துகள்களில் ஏறத்தாழ கோடியில் ஒன்று.

அந்தக் கோடியில் ஒன்றைப் பிடிக்க லேசர் வர வேண்டியிருந்தது. 1960இல் லேசர் பிறந்தது. 1970களின் நடுவில் பிரான்சில் நுண்ணோக்கியும் ராமன் நிறமாலையும் ஒரே கருவியில் இணைந்தன. 1990இல் நெதர்லாந்தைச் சேர்ந்த பப்பெல்ஸும் உடன் ஆய்வாளர்களும் உயிருள்ள தனியொரு செல்லின் நிறமாலையைப் பதிவுசெய்து வெளியிட்டனர். இன்று அத்தகைய படத்தில் ஒவ்வொரு புள்ளியும் வெறும் நிறமன்று, முழு நிறமாலை. எந்த இடத்தில் கொழுப்பு, எந்த இடத்தில் புரதம் என்று கணினி அதிலிருந்து பிரித்தெடுத்து வரைபடமாக்குகிறது.

அந்த நெதர்லாந்து ஆய்விலேயே ஓர் எச்சரிக்கையும் உண்டு. நீலப்பச்சை லேசர் பட்ட செல்கள் சிதைந்தன. சிவப்பு லேசரில் தாக்குப்பிடித்தன. சாயத்தைத் தவிர்த்துவிட்டாலும், பார்க்கும் ஒளியே ஊறு செய்யக்கூடும். செல்லைக் கொல்லாமல் காண்பதற்கு எவ்வளவு ஒளி, எந்த நிறத்தில், எவ்வளவு நேரம் என்ற கணக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடப்பட வேண்டியிருக்கிறது.