கரைக்குப் போகும் வழி

கடற்கரை யாருக்குச் சொந்தம் என்று கேட்டால், "எல்லோருக்கும்தான்" என்று சட்டென்று சொல்லிவிடுவோம். மாலையில் காற்று வாங்கப் போகிறவர்களுக்கு அந்தப் பதில் போதும். ஆனால் அந்த "எல்லோரிலும்" நொச்சிக்குப்பத்து மீனவர்கள் சேர்த்தியா?

இங்கே உலாவுவதற்கென்று பாதை போட்டது அப்படியொன்றும் பழைய காரியமல்ல. 1881 முதல் 1886 வரை சென்னை கவர்னராக இருந்த கிராண்ட் டஃப் துரைதான் அதைப் போட்டு, சிஸிலித் தீவின் ஞாபகத்தில் மெரீனா என்று பெயரும் வைத்தார். அந்த அகன்ற மணல்வெளிகூட ஆதியில் கிடையாது. 1870-களில் துறைமுகச் சுவர்கள் எழத் தொடங்கின, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அவை மறித்தன, கரை அகன்றது. குடிசை வாசலிலிருந்து கட்டுமரம் வரை மீனவர்கள் நடந்த நடையோ அதற்கெல்லாம் முந்தியது. அந்தப் பாதைக்குப் பெயருமில்லை, பட்டாவுமில்லை. சர்க்கார் கணக்கில் வெறும் புறம்போக்கு.

பெயரில்லாத பாதையை மறப்பது சுலபம். 1985-ல், எம்.ஜி.ஆர். ஆட்சியில், மெரீனாவை அழகுபடுத்தக் கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்த முனைந்தார்கள். மீனவர்கள் எதிர்த்தார்கள், போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. பிறகு 2023 ஏப்ரலில், குப்பத்தை ஒட்டிய லூப் ரோட்டில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் தானே வழக்கை எடுத்துக்கொண்டது. மாநகராட்சி மீன்கடைகளை அகற்றியது. குப்பத்து ஜனங்கள் மறியல் செய்தார்கள். 2024 ஆகஸ்டில் 366 கடைகளோடு புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. வியாபாரத்துக்கு ஓர் இடம் கிடைத்தது, சரி. வலை உலர்த்த, படகு இழுக்க?

கி.பி. 533-ல் வெளியான ஜஸ்டினியன் சக்கரவர்த்தியின் சட்டநூல், கடலைப் போலவே கரையும் யாவருக்கும் பொது என்றது. அதோடு நிற்கவில்லை. கரையில் குடிசை போட்டுக்கொள்ளலாம், வலை உலர்த்தலாம் என்றும் விளக்கியது. உலாவுகிறவனை மட்டுமல்ல, உழைக்கிறவனையும் அது நினைத்துப் பார்த்தது! நம் நாட்டில் 1991-ல் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தது. மீனவர்களின் பொது இடங்களை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று 2011-ல் வந்த அறிவிக்கை சொல்லிற்று.

வரைபடம் சர்க்கார் பொறுப்பு. நம் பொறுப்பு சிறியதுதான்: காயும் வலையை மிதிக்காமல் சுற்றிப் போவது, படகு இழுக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தாமலிருப்பது, லூப் ரோட்டில் மீன் கூடை குறுக்கே வந்தால் ஹாரன் அடிக்காமல் நிற்பது. குறுக்கே வருவது அவர்களல்ல, நாம்தான்.