யாழ்ப்பாணத்துச் சுமைதாங்கிகள்

கோயிலும் கோட்டையும் வரலாற்றாசிரியரின் கண்ணிற் படுமளவுக்கு வழியோரக் கற்கள் படுவதில்லை. ஆயினும், ஒரு சமூகம் எவருடைய வருத்தத்தைக் கண்டது, எவருடையதைக் காணாதிருந்தது என்பதை அறிய இக்கற்கள் பெரிதும் உதவுவன. யாழ்ப்பாணத்துப் பழைய வீதிகளிலே நாட்டப்பெற்ற சுமைதாங்கிகள் இத்தகையன.

நிறுத்திய இரு கற்களின்மேற் குறுக்கே ஒரு கல்லைக் கிடத்துவது சுமைதாங்கியின் எளிய அமைப்பு. சுண்ணாம்புச் சாந்திட்டுக் கட்டியனவும் உள. அதன் சிறப்பெல்லாம் உயரத்திலேயே தங்கியுள்ளது. தலைச்சுமையுடன் தனியே செல்பவர் பாரத்தை நிலத்தில் இறக்கிவிட்டால், பிறர் கைகொடுத்தாலன்றி அதனை மீட்டும் தலைக்கேற்றல் அரிது. தோளளவாய் நிற்குங் கல்லின்மீதோ, சற்றே குனிந்து சுமையைச் சரித்து வைக்கலாம். இளைப்பாறியபின் துணையின்றி ஏற்றிக்கொள்ளலாம். வழியில் இல்லாத இரண்டாம் ஆளின் வேலையை அக்கல் செய்தது. வண்டியிற் சென்ற செல்வர்க்கு அதனாற் பயனில்லை. சந்தைக்கு நடந்த ஆடவர் பெண்டிரின் உடலளவே அதற்கு அளவாயிற்று.

வற்றாத ஆறொன்றில்லாத குடாநாட்டிலே வழிநடை என்பது நீரைத் தேடும் நடையுமாகும். ஆதலாற் சுமைதாங்கியை அடுத்துக் கேணி, கிணறு, நிழல்மரம், மடம் என்பனவும் பலவிடங்களில் அமைந்தன. கால்நடைகள் உடலை உராய்ந்து தினவு தீர்த்தற்கு ஆவுரோஞ்சிக்கல்லும் நாட்டினர். முப்பத்திரண்டு அறங்களுள் ஒன்றாக ஆவுரிஞ்சுதறி எண்ணப்படுதல் ஈண்டு நினைக்கத்தக்கது. பருத்தித்துறைத் தெருமூடிமடமோ வீதியையே தன் கூரையின்கீழ் அடக்கி, இருமருங்குந் திண்ணையமைத்து வழிப்போக்கரை வரவேற்றது.

இவற்றுட் சுமைதாங்கிக்கு மட்டும் வேறொரு பொருளும் உண்டு. கருவுற்றிருக்கையில் அல்லது பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை நாட்டும் வழக்கம் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் நிலவியது. வயிற்றுச் சுமையை இறக்காது மாண்டவளின் ஆன்மா, பிறர் தஞ்சுமையை அக்கல்லில் இறக்குந்தோறும் ஆறுதலடையும் என்பது நம்பிக்கை. அத்தகைய பெண்களின் பெயரை ஏடுகள் பேணியது குறைவு. உறவினரோ தந்துயரை வீட்டினுள் வைத்துப் பூட்டாது, முன்பின் அறியாதார்க்கும் பயன்படுமாறு வீதியில் நாட்டினர். யாழ்ப்பாணத்தார் எழுப்பிய நினைவுச்சின்னங்களுள் இதனினும் உயர்ந்ததொன்றைக் காட்டுதல் எளிதன்று.

எனினும், இவ்வறத்தின் எல்லையையும் மறைத்தல் தகாது. கல்லிற் சுமையை இறக்கிய ஒருவர், அருகிலிருந்த கிணற்றில் தாமே நீரள்ளலாமா, மடத்துத் திண்ணையில் அமரலாமா என்பதை அவருடைய சாதியே பல ஊர்களில் தீர்மானித்தது. சுமையின் பாரத்தை உணர்ந்த சமூகம் சுமந்தவரின் தாகத்தை ஒப்ப உணரவில்லை. பொதுக் கிணறு முதலியவற்றில் இத்தடையைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே வந்தது. அதன் பின்னரும் 1960களின் இறுதியிற் பலர் போராட வேண்டியிருந்தது.

சுமைதாங்கியின் தேவை இரு வழியாற் குன்றியது. 1905ஆம் ஆண்டிற் கொழும்புவரை புகையிரதப் பாதை இணைந்தது. பின்னர் லொறியும் பஸ்ஸும் தலைச்சுமையைக் குறைத்தன. 1940களின் பிற்பகுதியிலிருந்து மலேரியா ஒழிப்பும் மருத்துவிச்சிகளின் பணியும் பிரசவ மரணத்தை விரைந்து தணித்தன. கற்களிற் பல அகற்றப்பட்டன, சில எஞ்சியுள்ளன. எழுத்துப் பொறித்தவற்றைப் படியெடுப்பதும், எழுத்தில்லாதவை எவர் நினைவாக எழுந்தன என்பதை ஊர் முதியோரிடங் கேட்டுக் குறிப்பதும் அம்முதியோர் உள்ளபோதே செய்யத்தக்க வேலை.