ஆனதோத் நிலத்தின் கிரயப் பத்திரம்: எரேமியா 32இல் நம்பிக்கையும் ஐயமும்

எருசலேம் முற்றுகையில் சிக்கியிருந்தபோது எரேமியா ஆனதோத்தில் ஒரு நிலம் வாங்கிய செய்தி (எரேமியா 32), இடுக்கண் காலத்துக் கிறிஸ்தவ நம்பிக்கையைப் பற்றிப் பேசுவோர் முதலில் எடுத்துக்காட்டும் பகுதிகளுள் ஒன்று. அதற்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம் எளியது: தீர்க்கதரிசி எதிர்காலத்தைத் தெளிவாகக் கண்டார்; கண்டதில் உறுதி கொண்டார்; அந்த உறுதியால் வெள்ளியை எடுத்து நிறுத்துக் கொடுத்தார். இவ்விளக்கத்துக்கு இடைஞ்சலாக நிற்பது கிரயம் முடிந்தபின் வரும் ஜெபம் (32:16-25). அது கலக்கத்தில் முடிவதால், அதைப் பிற்சேர்க்கை என்று ஒதுக்கவோ, ஆலய வழிபாட்டின் மரபுமொழி என்று மென்மையாக்கவோ ஓர் ஆய்வு மரபு நெடுங்காலமாக முயன்றுவருகிறது. அந்த ஜெபம் தான் இருக்கும் இடத்தில்தான் பொருள் தருகிறது என்பதும், அதை அகற்றினால் அதிகாரம் காட்டும் நம்பிக்கையே வேறொன்றாகிவிடும் என்பதும் இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

சிதேக்கியாவின் 10ஆம் ஆண்டு, நேபுகாத்நேச்சாரின் 18ஆம் ஆண்டு என்று நூல் காலம் குறிக்கிறது. மதிலுக்கு எதிரே மண்மேடுகள் எழுந்துவிட்டன. உள்ளே பஞ்சமும் கொள்ளைநோயும். நகர் பாபிலோன் கையில் விழும் என்று சொன்னதற்காக எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அவருடைய தந்தையின் உடன்பிறந்தாரான சல்லூமின் மகன் அனாமெயேல் அங்கே வந்து, பென்யமீன் நாட்டு ஆனதோத்திலுள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்; மீட்கும் உரிமை எரேமியாவுக்கே உரியது என்கிறார். எருசலேமுக்கு வடகிழக்கே சுமார் 5 கி.மீ. தொலைவிலுள்ள ஆனதோத், பகைவர் படை சூழ்ந்த நாட்டுப்புறத்தில் கிடக்கிறது. அனாமெயேல் பசியால் விற்றாரா, சிறைப்பட்ட உறவினரை ஏய்க்கப் பார்த்தாரா என்று உரையாசிரியர்கள் வாதிட்டிருக்கிறார்கள். நூல் அதைச் சொல்லவில்லை. வாதத்துக்கு அது தேவையுமில்லை.

இந்த நிலத்துக்கு இன்னும் இரண்டு வில்லங்கங்கள் உண்டு. அவற்றை இந்த அதிகாரத்துக்கு வெளியே தேடவேண்டியிருப்பதால் உரைகள் பெரும்பாலும் கடந்துபோகின்றன. முதலாவது, ஆனதோத்தின் ஆட்கள் எரேமியாவின் உயிரை வாங்கத் தேடியவர்கள்; அவர்களில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள் என்று அவரே அறிவித்திருந்தார் (11:21-23). இரண்டாவது, மனைவியும் மக்களும் கூடாது என்று அவருக்குக் கட்டளை இருந்தது (16:2). மீட்கும் உரிமை என்பது நிலம் குடும்பத்தை விட்டுப் போகாமலிருக்க ஏற்பட்ட முறை. இங்கே வாங்குகிறவருக்கு வாரிசு இல்லை. தான் உழப்போவதில்லை, தன் மகன் உழப்போவதுமில்லை என்ற நிலையில் ஒருவர் பத்திரம் முடிக்கிறார். அவர் கண்ட எதிர்காலம் தமக்கு எதைத் தரப்போகிறது என்ற கேள்விக்கு அதிகாரத்தில் விடையில்லை.

விலை 17 சேக்கல் வெள்ளி. ஒரு சேக்கல் 11 கிராமுக்குச் சற்று மேல் என்பதால், மொத்தம் 190 கிராமைத் தாண்டிய வெள்ளி. நாணயம் புழங்காத காலம். தராசில் நிறுத்தே கொடுக்கப்பட்டது. மக்பேலா நிலத்துக்கு ஆபிரகாம் கொடுத்த 400 சேக்கலோடு ஒப்பிட்டு, இது அடிமாட்டு விலை என்று சொல்வாருண்டு. நிலத்தின் பரப்பு தெரியாதபோது அந்த ஒப்பீடு நிற்காது. கி.மு. 211இல் அன்னிபாலின் படை பாளையமிறங்கியிருந்த நிலம் ரோமில் விலை குறையாமல் விற்றது என்று ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதிய செய்தியும் உரைகளில் இணையாகக் காட்டப்படுவதுண்டு. அந்த இணை தவறான திசையில் கொண்டுபோகிறது. ரோமில் வாங்கியவர் தம் நகர் விழாது என்று நம்பினார். எரேமியா தம் நகர் விழும் என்று சொல்லியே சிறைப்பட்டவர். நிலம் வாங்கிய பிறகும் அந்தச் சொல்லை அவர் திரும்பப் பெறவில்லை.

வாதத்தின் மையம் 32:6-15இன் நிகழ்ச்சி வரிசை. அனாமெயேல் வருவார் என்ற வார்த்தை முன்பே எரேமியாவுக்கு உண்டாகிறது. ஆனால் அவர் நேரில் வந்து நின்ற பிறகுதான், இது கர்த்தருடைய வார்த்தை என்று எரேமியா அறிந்துகொள்கிறார் (32:8). வந்த வார்த்தையில் வாங்கு என்ற கட்டளை தனியாக இல்லை. அனாமெயேல் என்ன கேட்பார் என்பது மட்டுமே இருக்கிறது. உறவினரின் வருகை நிகழும்வரை தீர்க்கதரிசிக்கும் நிச்சயமில்லை என்று நூலே ஒப்புக்கொள்கிறது. முழுத் தெளிவிலிருந்து செயல் பிறந்தது என்ற வழக்கமான விளக்கம் இந்த ஒரு வசனத்திலேயே இடறுகிறது.

அடுத்து வருவது அலுவல் மொழி. தீர்க்கதரிசன நூல்களில் இவ்வளவு நுணுக்கமான எழுத்துவேலை வேறெங்கும் இல்லை. பத்திரம் எழுதப்படுகிறது, முத்திரையிடப்படுகிறது, சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். முத்திரையிட்ட படியும் திறந்த படியும் எரேமியாவின் எழுத்தரான, நேரியாவின் மகன் பாருக்கிடம் எல்லார் முன்னிலையிலும் ஒப்படைக்கப்படுகின்றன. நெடுநாள் இருக்கும்படி அவற்றை மண்பாண்டத்தில் வைக்க உத்தரவாகிறது. இது கற்பனை நடைமுறையன்று. எகிப்தின் எலெபந்தின் தீவிலிருந்த யூதக் குடியேற்றத்தின் கி.மு. 5ஆம் நூற்றாண்டுப் பாப்பிரசுப் பத்திரங்கள் மடித்துக் கட்டிக் களிமண் முத்திரையிடப்பட்டவை. ஒரே ஒப்பந்தத்தை மூடியும் திறந்தும் இருமுறை எழுதும் வழக்கத்துக்கு, 1961இல் நகால் எவெர் குகையில் கிடைத்த பாபதா என்ற பெண்ணின் ஆவணங்கள் பிற்காலச் சான்று. ரோமருக்கு எதிரான பார்கோக்பா கிளர்ச்சியின்போது அங்கே ஒளித்துவைக்கப்பட்ட அவற்றை எடுக்க யாரும் திரும்பி வரவில்லை. மண்பாண்டம் ஏன் என்பதை எருசலேமின் தாவீது நகர் அகழாய்வு காட்டுகிறது: பாபிலோனியர் எரித்த ஒரு வீட்டில் 1982இல் 51 களிமண் முத்திரைகள் கிடைத்தன. தீயில் முத்திரைகள் சுட்டு இறுகின. அவை கட்டியிருந்த ஆவணங்கள் சாம்பலாயின. (பாருக்கின் பெயர் பொறித்த முத்திரை என்று பழம்பொருள் சந்தை வழியாக வந்தது போலி என்ற ஐயத்துக்கு உள்ளானது, அதை எந்த வாதத்துக்கும் அடிப்படையாக்க இயலாது.)

வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் இந்த நாட்டில் மீண்டும் கைமாறும் என்ற அறிவிப்பு 32:15இல் வருகிறது. அதைச் சாட்சிகள் கேட்கிறார்கள். பத்திரம் பாருக்கின் கைக்குப் போகிறது. அதற்குப் பிறகே எரேமியா ஜெபிக்கிறார். படைப்பின் வல்லமையிலும் எகிப்திலிருந்து மீட்ட வரலாற்றிலும் தொடங்கும் ஜெபம் மண்மேடுகளுக்கு வந்து, கடைசியில் ஒரு முரணில் நிற்கிறது: நிலத்தை வாங்கச் சொன்னீர், நகரமோ கல்தேயர் கையில் கொடுக்கப்பட்டாயிற்று. அதோடு ஜெபம் முடிகிறது. வேண்டுகோள் இல்லை, காப்பாற்றும் என்றோ விளங்கவையும் என்றோ ஒரு சொல் இல்லை. தாமே சற்று முன் பொது இடத்தில் அறிவித்ததன் பொருள் அவருக்கு எட்டவில்லை என்பதையே இந்த முடிவு வெளியிடுகிறது.

32:15இல் அவரே பொருளைச் சொல்லிவிட்டாரே என்று மறுக்கலாம். அந்த வசனம் கர்த்தருடைய வாக்காக எடுத்துரைக்கப்படுகிறது, எரேமியாவின் சொந்தக் கணிப்பாக அன்று. வாக்கைச் சாட்சிகளுக்கு எடுத்துச் சொல்வதும் அதைத் தாம் விளங்கிக்கொள்வதும் ஒன்றாக நடந்தாகவேண்டும் என்பதில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் ஜெபத்தின் பொருள்.

கனமான மறுப்பு நூலாக்க ஆய்விலிருந்து வருகிறது. 32:17-23இன் மொழி உபாகமச் சாயல் கொண்டது. நெகேமியா 9இன் நீண்ட ஜெபத்தோடு உறவுடையது. அதைப் பிற்காலத் தொகுப்பாளர் கையாகக் கருதுவதற்கு நல்ல காரணங்கள் உள்ளன. இங்கு அது மறுக்கப்படவில்லை. எழுபதின்மர் கிரேக்க வடிவத்தில் இப்பகுதி 39ஆம் அதிகாரமாக வேறிடத்தில் அமைந்திருப்பதும், பத்திர விவரங்களில் சற்றுச் சுருக்கமாக இருப்பதும் நூல் நெடுங்காலம் அசைவிலிருந்தது என்பதற்குச் சான்று. ஆனால் 24-25ஆம் வசனங்கள் அந்த வழிபாட்டு மொழியைச் சேர்ந்தவை அல்ல. மண்மேடு, வாள், பஞ்சம், கொள்ளைநோய், வெள்ளி, சாட்சிகள் என்று அவை முற்றுகையையும் கிரயத்தையுமே சுட்டுகின்றன. பழைய விவரிப்பின் பகுதியாகவே இவற்றைக் கொள்ளத் தோன்றுகிறது. அவ்வாறு கொள்ளாவிட்டாலும் வாதம் சாய்வதில்லை. கலக்கத்தைப் பின்னால் சேர்த்தவர் அதைக் கிரயத்துக்கு முன்னால் வைத்திருக்கலாம். முன்னால் வைத்தால் ஐயம் தீர்ந்து செயல் நடந்ததாகக் கதை அழகாக முடிந்திருக்கும். அந்த எளிய வழி எடுக்கப்படவில்லை. சிறைப்பட்ட சமூகத்துக்காக நூலைத் தொகுத்தவர்களுக்கு, வாங்கி முடித்தபின் வந்த கேள்வி பயனுள்ளதாகப் பட்டிருக்கிறது. எனவே பிற்சேர்க்கை என்ற முடிவு இந்த வரிசையின் பொருளைக் குறைப்பதில்லை. அதற்குச் சாட்சிகளைக் கூட்டுகிறது.

பதிலாக வரும் வாக்கும் (32:26-44) கவலையைத் தணிக்க அவசரப்படவில்லை. நகர் எரியும் என்பதை அது முதலில் உறுதிசெய்கிறது. நீண்ட குற்றச்சாட்டைப் படிக்கிறது. பிறகே திரும்பக் கூட்டிச்சேர்ப்பதையும் நித்திய உடன்படிக்கையையும் பேசுகிறது. முடிவில் மீண்டும் பத்திரத்துக்கு வருகிறது: பென்யமீனில், எருசலேமின் சுற்றுப்புறத்தில், யூதாவின் ஊர்களில், மலைநாட்டில், தாழ்நிலத்தில், தென்னாட்டில் வெள்ளி கொடுத்து நிலம் வாங்குவார்கள், எழுதுவார்கள், முத்திரையிடுவார்கள், சாட்சி வைப்பார்கள். இங்கே வாக்களிக்கப்படுவது பதிவு அலுவலகத்தின் வழக்கமான வேலைநாள். காவற்சாலை முற்றத்தில் ஒருமுறை நடந்தது நாடெங்கும் மறுபடி நடக்கும் என்பதே வாக்கு. எரேமியாவின் ஐயத்துக்கு நேரடி விடை தரப்படவில்லை. அவர் செய்த செயல் அகலமாக்கித் திருப்பித் தரப்படுகிறது.

பிந்திய வரலாறும் பத்திரத்தை நிறைவேற்றிக் காட்டவில்லை. நகர் விழுந்தபின் எரேமியா மிஸ்பாவில், பாபிலோனியர் அமர்த்திய ஆளுநர் கெதலியாவோடு இருந்தார். கெதலியா கொலையுண்டபின், எரேமியா எதிர்த்தும், மீந்தவர்கள் அவரையும் பாருக்கையும் எகிப்தின் தக்பானேசுக்குக் கொண்டுபோனார்கள். பத்திரத்தைக் காக்கவேண்டியவரே நாட்டில் இல்லை. பாண்டம் திறக்கப்பட்டதாக எங்கும் குறிப்பில்லை. எஸ்றா 2இலும் நெகேமியா 7இலும் உள்ள பட்டியல்கள் சிறையிருப்பிலிருந்து ஆனதோத்துக்குரியவர்கள் 128 பேர் திரும்பியதாகக் கணக்குத் தருகின்றன. நிலத்தை யார் உழுதார் என்பது அக்கணக்கில் இல்லை.

கிறிஸ்தவ வாசிப்புக்கு இந்த அதிகாரம் எப்படி வந்துசேர்கிறது என்பதில் மத்தேயு 27:9-10 அடிக்கடி குறிப்பிடப்படுகிறது. 30 வெள்ளிக்காசால் குயவன் நிலம் வாங்கப்பட்ட நிகழ்ச்சிக்கு அங்கே எரேமியாவின் பெயர் சொல்லப்படுகிறது. வாசகமோ சகரியா 11க்கு நெருங்கியது. எரேமியா 18-19இன் குயவனும் 32இன் நிலமும் சேர்ந்து அந்தப் பெயரை வருவித்திருக்கலாம். அதற்குமேல் சொல்வது ஊகம். உறுதியான இணை ரோமர் 8. காணாததற்காகப் பொறுமையோடு காத்திருப்பதே நம்பிக்கை என்று பவுல் சொன்ன கையோடு (8:24-25), எதற்காக ஜெபிக்கவேண்டும் என்றே நமக்குத் தெரிவதில்லை என்கிறார் (8:26). நம்பிக்கையும் வேண்டுகோள் அற்ற ஜெபமும் அடுத்தடுத்த வசனங்களில் நிற்கின்றன. பவுல் எரேமியாவை நினைத்து எழுதினார் என்று இங்கு கூறப்படவில்லை. ஆயினும் அந்த அடுத்தடுத்த நிலை எரேமியா 32இல் விவரிப்பாகவே இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் இப்பகுதியைக் கூர்மையாக வாசித்தவர் ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர். 1942 முடியும் தறுவாயில் நண்பர்களுக்காக எழுதிய கட்டுரையில் 32:15ஐ எடுத்து, எரேமியாவின் அழிவு அறிவிப்புகளோடு அது முரணாக நிற்பதைச் சுட்டிக்காட்டினார். 1943 ஏப்ரல் 5இல் கைதானபின், தேகல் சிறையிலிருந்து ஆகஸ்ட் 12இல் தமக்கு நிச்சயிக்கப்பட்ட மரியா ஃபொன் வெதமயருக்கு எழுதிய கடிதத்தில், தங்கள் திருமண உறுதியை அதே வசனத்தோடு இணைத்தார். உலகை விட்டு ஓடும் விசுவாசத்துக்கு எதிராக, இந்த மண்ணுக்கு இசைவு சொல்லும் விசுவாசமாக அதை விளக்கினார். இதைத் துணிச்சலான நம்பிக்கையின் முத்திரைச் சொல்லாக மட்டும் எடுத்தாள்வது பிரசங்கங்களில் வழக்கமாகிவிட்டது. அவருடைய சிறைக்கடிதங்களில் எரேமியா 45 மீண்டும் மீண்டும் வருவதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். அங்கே பாருக்குக்குப் பெரிய காரியங்கள் மறுக்கப்பட்டு, உயிர் மட்டும் கொள்ளைப்பொருளாகக் கொடுக்கப்படுகிறது. 32ஆம் அதிகாரத்தில் பத்திரத்தைக் கையில் வாங்கியவரும் 45இல் இந்தச் சொல்லைக் கேட்டவரும் ஒரே ஆள்தான். 1945 ஏப்ரல் 9இல் ஃபுளோசன்பியூர்க்கில் போன்ஹோஃபர் தூக்கிலிடப்பட்டார், திருமணம் நடக்கவில்லை. நிச்சயம் செய்தது பிழையென்று இதனால் ஆகிவிடாது. ஆனதோத் நிலம் எரேமியாவின் அனுபவத்துக்கு வராததால் அந்தக் கிரயம் செல்லாது என்று யாரும் வாதிட்டதில்லை.