நம்பாதவர் இயற்றிய வழிபாட்டு இசை

எங்கள் ஊர் மரணவீடுகளில் திருப்பொற்சுண்ணம் பாடுவதற்கு ஒருவரைத்தான் தேடிப் போவார்கள். அவர் இடதுசாரி. பெரியவரான பின் அவர் கோயிற் படி மிதித்ததை எவரும் கண்டதில்லை. ஆயினும் அவர் குரல் எழுந்ததும் அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட அடங்கிவிடுவர். என் தந்தையாரின் இறுதிக் கிரியையிலும் அவரே பாடினார். "கடவுளை நம்பாதவன் பாடினால் அது போய்ச் சேருமோ, தம்பி?" என்று பெரியப்பா என் காதோடு கேட்டார். அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. பத்திரிகை மேசையில் முப்பது ஆண்டுகளைக் கழித்த பின்னரும் அக்கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

பாடியவரை விடுத்து, இசையை இயற்றியவரிடம் இக்கேள்வியைக் கொண்டு சென்றால் அது மேலும் கூர்மையடைகிறது. இறைநம்பிக்கை உடையவர் இயற்றிய இசைதான் உயர்ந்ததா? இதற்கான சான்றுகளை ஐரோப்பிய இசை வரலாற்றில் தேடுவது எளிது. இசையமைப்பாளர்களின் கடிதங்களும் கையெழுத்துப் பிரதிகளும் அங்கு ஏராளமாக எஞ்சியுள்ளன.

'ஆம்' என்போர் முதலிற் காட்டுவது ஜேர்மனியரான யொஹான் செபஸ்தியான் பாக் அவர்களையே. 1723 முதல் 1750 இல் இறக்கும்வரை லைப்சிக் நகரின் புனித தோமையார் தேவாலயத்தில் இசைப் பொறுப்பை வகித்தவர் அவர். தமது தேவாலய இசைப்பிரதிகள் பலவற்றின் முடிவில், மகிமை இறைவனுக்கே எனப் பொருள்படும் இலத்தீன் தொடரின் முதலெழுத்துக்கள் மூன்றையும் இடுவார். அவரிடமிருந்த விவிலிய உரைநூலின் ஓரங்களில் அவர் தம் கையால் எழுதிய குறிப்புகளை இன்றும் காணலாம். அவரது பக்தியை ஐயுறுவதற்கு இடமில்லை.

ஆனால் அவரிடமே ஒரு முடிச்சும் உண்டு. 1734 ஆம் ஆண்டு நத்தாருக்காக அவர் அளித்த பேரிசைப் படைப்பின் தொடக்கப் பாடல் புதியதன்று. 1733 டிசம்பரில் அரசியின் பிறந்தநாளுக்கென அவரே அமைத்த இசை அது. அரசியை வாழ்த்திய அதே முரசுகளும் எக்காளங்களும், சொற்கள் மாற்றப்பட்டு, மறு ஆண்டு பாலன் பிறப்பை வாழ்த்தின. கேட்பவர் எவராவது இவ்விசை கடவுளுக்கு, இவ்விசை அரசிக்கு என்று பிரித்தறிய முடியுமா?

அடுத்தவர் பிராம்ஸ். அவரது 'ஜேர்மானிய ரெக்குவியம்' 1868 பெரிய வெள்ளிக்கிழமையன்று பிறேமன் பேராலயத்தில் அரங்கேறியது. மாண்டோருக்கான வழக்கமான இலத்தீன் மன்றாட்டை அவர் தொடவில்லை. லூதரின் ஜேர்மன் விவிலியத்திலிருந்து தாமே வரிகளைத் தெரிந்தெடுத்தார். அவற்றில் கிறிஸ்துவின் பெயர் எங்குமே இல்லை. பேராலய இசைப் பொறுப்பாளர் இக்குறையைச் சுட்டிக்காட்டியபோது பிராம்ஸ் அசையவில்லை. தலைப்பிலுள்ள 'ஜேர்மானிய' என்ற சொல்லுக்குப் பதிலாக 'மனித' என்று வைத்தாலும் தமக்கு மகிழ்ச்சியே என்று அவர் மறுமொழி எழுதினார். முடிவில், மீட்பரைப் பற்றிய ஒரு பாடலை ஹாண்டலின் 'மெசாயா'விலிருந்து எடுத்து அன்றைய நிகழ்ச்சியில் சேர்த்துக்கொண்டார்கள். இத்தகைய மேதை எதையும் நம்புவதில்லையே என்று, பக்தரான துவொர்ஷாக் பின்னாளில் வருந்தினார்.

இத்தாலியரான வேர்டியும் அத்தகையவரே. அவருக்கு நம்பிக்கை குறைவு என்பதை அவர் மனைவியே கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆயினும் எழுத்தாளர் மன்சோனியின் முதலாம் ஆண்டு நினைவுநாளான 1874 மே 22 அன்று மிலான் நகரின் சான் மார்க்கோ தேவாலயத்தில் அவர் தாமே நடத்திய 'ரெக்குவியம்' இன்றும் கேட்போரை நடுங்கவைக்கிறது. அதனை வெறும் ஓபரா என ஏளனம் செய்த ஹான்ஸ் ஃபொன் பியூலோ, 1892 இல் வேர்டியிடம் மன்னிப்புக் கேட்டார்.

இதே இசையை 1943, 1944 ஆம் ஆண்டுகளில் தெரேசின் நாஜி முகாமில், ரஃபாயெல் ஷெக்டர் என்பவரின் தலைமையில் யூதக் கைதிகள் பாடினர். பாடகர்கள் அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட, வேறு பாடகர்களைச் சேர்த்து மீண்டும் பாடினர். ஷெக்டரும் போர் முடியுமுன் மாண்டார். நம்பிக்கை குறைந்த ஒருவர், கத்தோலிக்க மன்றாட்டுக்கு அமைத்த இசையை, வேற்று மதத்தவர் தம் மரணத்தின் வாயிலில் நின்று பாடினர். இதனிலும் உண்மையான வழிபாடு எதுவென எனக்குத் தெரியவில்லை.

அப்படியாயின் நம்பிக்கைக்கும் இசைக்கும் தொடர்பே இல்லையா? அவ்வாறு சொல்லவும் என் மனம் இடந்தரவில்லை. வேர்டி சிறுவயதிலேயே தம் கிராமத்துத் தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தவர். பிராம்ஸுக்கு லூதரின் விவிலியம் பிள்ளைப் பருவம் முதலே பழக்கமானது. 1906 இல் வெளிவந்த 'இங்கிலிஷ் ஹிம்னல்' என்ற பாடற்றொகுப்பின் இசைப் பதிப்பாசிரியரான ரால்ஃப் வோன் வில்லியம்ஸ் நாத்திகராக இருந்து, பின்னர் கடவுளைப் பற்றி முடிவு சொல்ல இயலாது என்ற நிலைக்கு வந்தவர். ஆனால் அவர் ஒரு குருவானவரின் மகன். தனிமனிதரின் நம்பிக்கை உதிர்ந்துபோகலாம். தலைமுறை தலைமுறையாக நம்பியோர் கட்டியெழுப்பிய பள்ளிக்கூடம் அவர் செவியிலும் விரலிலும் தங்கிவிடுகிறது. அந்தப் பள்ளிக்கூடம் இல்லையேல் இவ்விசைகளும் இல்லை. மறுபுறம், பக்தி மட்டுமே நல்லிசையைத் தந்துவிடுமாயின், நமது கோயில் ஒலிபெருக்கிகளில் வரும் பாடல்கள் அனைத்தும் அமரத்துவம் பெற்றிருக்க வேண்டும்!

எங்கள் ஊர்க்காரர் சிறுவயதில் தம் பேரனாரிடம் பண் பயின்றவர். நாயன்மார் குருபூசைப் போட்டிகளில் பரிசு பெற்றவர். அதனைப் பிற்பாடே அறிந்தேன். அவர் மறந்தது கோயிலைத்தான், பண்ணை அல்ல. அதற்கும் மேலாக, இறந்தவரின் வீட்டாருடைய துயரை அவர் மெய்யாகவே மதித்தார்.

பெரியப்பா இன்று இல்லை. இருந்திருந்தால், அது போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, எங்களிடம் வந்து சேர்ந்தது என்று சொல்லியிருப்பேன்.