ஏழ்மை காத்த ஊர்



உசேன் போல்ட் என்ற பெயரைக் கேட்டாலே நம் பிள்ளைகளுக்குக் கால் துறுதுறுக்கும். 2009-ஆம் ஆண்டில் நூறு மீட்டரை 9.58 விநாடியில் ஓடி உலகத்தையே வாய் பிளக்க வைத்தவர் அவர். அந்த வீரர் படித்த பள்ளிக்கூடத்தின் பெயர் என்ன, தெரியுமா? வில்லியம் நிப் நினைவு உயர்நிலைப் பள்ளி. ஜமைக்காத் தீவின் வடகரையில் டிரெலானி என்றொரு வட்டாரம் இருக்கிறது. அந்த வட்டாரத்தின் தலைநகரான ஃபால்மத் பட்டணத்தை ஒட்டித்தான் அந்தப் பள்ளி இருக்கிறது.

போல்ட்டை நமக்குத் தெரியும். வில்லியம் நிப்பை எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் யார், அவர் பெயரை ஏன் ஒரு பள்ளிக்கு வைத்தார்கள்? இதற்கு விடை ஃபால்மத்தின் பழைய தெருக்களில் இருக்கிறது. வாங்க, அந்தத் தெருக்களில் கொஞ்சம் நடந்துவிட்டு வருவோம்.

சர்க்கரை கட்டிய பட்டணம்

ஃபால்மத் 1769-இல் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட ஊர். தாமஸ் ரீட் என்பவர் அதற்கு அடிகோலினார். தெருக்களைச் சதுரங்கக் கட்டம்போல் நேர்நேராக வகுத்தார்கள். அப்போது ஜமைக்காவின் ஆளுநராக இருந்தவர் சர் வில்லியம் டிரெலானி. வட்டாரத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். பட்டணத்துக்கோ இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள ஃபால்மத் துறைமுகத்தின் பெயர் வந்தது.

எதற்காக அந்த இடத்தில் ஒரு பட்டணம்? எல்லாம் சர்க்கரைக்காகத்தான்! சுற்றிலும் நூற்றை நெருங்கும் கரும்புத் தோட்டங்கள். முன்னால் பவளப்பாறை அரண் செய்யும் அமைதியான கடல். சர்க்கரையும் ரம்மும் கப்பலேறிச் சீமைக்குப் போயின. திரும்பி வந்த கப்பல்களில் துரைமார்களுக்கு வேண்டிய துணிமணியும் தட்டுமுட்டுச் சாமான்களும் வந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துச் சங்கிலியில் பூட்டிய மனிதர்களும் கப்பலில்தான் வந்து இறங்கினார்கள். ஒரே நாளில் முப்பது பாய்மரக் கப்பல்கள்கூட அங்கே நங்கூரமிட்டு நின்றதாகச் சொல்வார்கள்.

பணம் வந்தது, பணம் வந்தால் கட்டடம் வரத்தானே செய்யும்! 1795-இல் புனித பீட்டர் தேவாலயத்தைக் கட்டினார்கள். 1799-இல் பாரெட் என்ற தோட்ட முதலாளி, கடைத்தெருவில் தம் மாளிகையை எழுப்பினார். ஆங்கிலக் கவிஞர் எலிசபெத் பாரெட் பிரௌனிங் இந்தக் குடும்பத்தின் வழிவந்தவர்தான். 1810-இல் ஓர் இரும்பு வார்ப்படச் சாலை வந்தது. கூம்பிய கூரையோடு கவிழ்த்து வைத்த பெரிய பானை மாதிரி இருக்கும் அது. 1815-இல் முன்பக்கம் தூண்களும் இருபுறமும் படிக்கட்டுகளுமாக நீதிமன்றம் எழுந்தது. 1926-இல் அது தீப்பிடித்து எரிந்தபோது, ஊரார் அதே இடத்தில் மறுபடியும் கட்டிக்கொண்டார்கள்.

கடைத்தெருக் கட்டடங்களின் மேல்மாடி, நடைபாதைக்கு மேல் நீண்டு தூண்களில் நிற்கும். வெயிலும் மழையும் படாமல் கீழே நடந்து போகலாம். நம் ஊர்க் கடைவீதி அஞ்சடியை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு முன்னால் வந்துவிடும்.

குழாய்த் தண்ணீர்ச் சங்கதி ஒன்றும் உண்டு. 1799-லேயே அங்கே குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது! மார்த்தா ப்ரே ஆற்றிலிருந்து சக்கரத்தால் நீரை இறைத்து, ஊர் நடுவே கல் தொட்டியில் தேக்கி வைத்தார்கள். அந்த இடத்துக்குத் தண்ணீர்ச் சதுக்கம் என்றே பெயர். நியூயார்க் பட்டணத்துக்கு முன்னாலேயே எங்களுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தாச்சு என்று அந்த ஊர்க்காரர்கள் மார்தட்டிக்கொள்வார்கள்.

நள்ளிரவில் ஒரு சவ அடக்கம்

இந்த இடத்தில் உங்களில் யாராவது எழுந்து கேட்கலாம்: “ஐயா, அடிமைகளின் ரத்தத்தை உறிஞ்சியவர்கள் கட்டிய மாளிகைகள்தானே இதெல்லாம்? இடிஞ்சா இடிஞ்சு போகட்டுமே! அதை எதுக்குக் கட்டிக் காக்கணும்?”

நல்ல கேள்வி. இதற்கு விடை சொல்லாமல் பழைய கட்டடங்களைக் காப்போம் என்று பேசுவது வீண் பேச்சு. நிப் பாதிரியாரின் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இங்கிலாந்திலிருந்து போன பாப்டிஸ்ட் பாதிரியார் வில்லியம் நிப். ஃபால்மத்தில் ஊழியம் செய்தார். 1831-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் மேற்கு ஜமைக்காவில் ஆயிரக்கணக்கான அடிமைகள், இனிக் கூலி இல்லாமல் உழைக்க மாட்டோம் என்று கிளர்ந்து எழுந்தார்கள். சாம் ஷார்ப் என்ற அடிமை இதற்குத் தலைமை தாங்கினார். வெள்ளையர்கள் கிளர்ச்சியை நசுக்கினார்கள். ஷார்ப்பை 1832-இல் தூக்கிலிட்டார்கள். பாப்டிஸ்ட் பாதிரிகள்தான் தூண்டிவிட்டார்கள் என்று ஆத்திரப்பட்டு, நிப்பின் தேவாலயத்தையும் தரைமட்டமாக்கினார்கள். கவனியுங்கள்! அடிமைகள் கூடிப் பேசிய இடம் இல்லாமல் போனால் அவர்களின் துணிவும் போய்விடும் என்று அந்த முதலாளிமார்களுக்குத் தெரிந்திருந்தது. கட்டடத்தின் மதிப்பை நமக்கு முன்பே அவர்கள் அறிந்திருந்தார்கள்.

நிப் இங்கிலாந்து சென்று, அடிமை முறையின் கொடுமைகளை ஊர் ஊராகப் பேசினார். திரும்பி வந்து தேவாலயத்தை மீண்டும் எழுப்பினார். 1838 ஜூலை 31, இரவு. விடிந்தால் ஆகஸ்டு முதல் தேதி. முழு விடுதலை நாள். மக்கள் வெள்ளமாகத் திரண்டார்கள். ஒரு சவப்பெட்டியைக் கொண்டு வந்தார்கள். உள்ளே பிணம் கிடையாது. கால்விலங்கும், சாட்டையும், கழுத்தில் பூட்டும் இரும்பு வளையமும்தான் இருந்தன. நள்ளிரவு மணி அடித்ததும் அடிமைத்தனம் செத்தது என்று முழங்கி, அந்தப் பெட்டியை மண்ணில் புதைத்தார்கள். நினைத்துப் பார்த்தாலே உடம்பு சிலிர்க்கிறது!

1845-இல் நிப் காலமானார். 1944-ஆம் ஆண்டுச் சூறாவளியில் தேவாலயம் வீழ்ந்தது. மக்கள் திரும்பவும் கட்டினார்கள். 1988-இல் ஜமைக்கா அரசு, மறைந்த நிப்புக்குத் தன் உயர்ந்த விருதுகளில் ஒன்றை வழங்கிச் சிறப்பித்தது. பள்ளிக்கு அவர் பெயர் வந்த காரணம் இப்போது புரிகிறதல்லவா?

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். மாளிகைக்குச் சொந்தக்காரர் துரையாக இருக்கலாம். ஆனால் கல்லை உடைத்தது யார்? மரத்தை இழைத்தது யார்? சுண்ணாம்பு குழைத்துச் சுவர் எழுப்பியது யார்? பெயர் தெரியாத கறுப்பினக் கொத்தர்களும் தச்சர்களும்தான். அவர்களுக்குச் சிலை கிடையாது, பட்டயம் கிடையாது. பலருக்குக் கல்லறைகூடக் கிடையாது. அவர்கள் கைபட்ட அந்தச் சுவர்தான் அவர்களுக்கு மிச்சமிருக்கும் கையெழுத்து. அதையும் அழித்துவிட்டால் அவர்களை இரண்டாவது முறையாக அழித்த மாதிரி ஆகாதா?

காசில்லாததும் ஒரு காவல்

விடுதலைக்குப் பிறகு சர்க்கரை வாணிபம் சரிந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய மக்கள் சொந்த நிலம், சொந்த வீடு என்று வாழத் தலைப்பட்டார்கள். அந்த ஆள் பற்றாக்குறையை ஈடுகட்டத்தான் நம் இந்திய மக்களை ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவுக்குக் கொண்டுபோனார்கள். மெய்ட்ஸ்டோன் என்ற கப்பல் 1845 மே 10-இல் தென்கரையிலுள்ள பழைய துறைமுகக் குடாவில் முதல் கூட்டத்தை இறக்கியது. 1917 வரையில் ஏறத்தாழ 36,000 பேர் போனார்கள். சீனிக்காக அங்கே போனவர்களும் ரப்பருக்காக இங்கே வந்தவர்களும் ஏறக்குறைய ஒரே துயரத்தைச் சுமந்தவர்கள்தான்.

ஃபால்மத்துக்கு வருவோம். நீராவிக் கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போயின. பவளப்பாறைக்கு இடையே இருந்த குறுகலான வழி அவற்றுக்குப் போதவில்லை. 1894-இல் இரயில் பாதை மாண்டிகோ பே பட்டணத்துக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது. வாணிபமும் அங்கே போய்விட்டது. ஃபால்மத் தூங்கிவிட்டது.

வேடிக்கையைப் பாருங்கள்! இந்தத் தூக்கம்தான் ஊரைக் காப்பாற்றியது. பழைய வீட்டை இடித்துப் புதுசு கட்ட யாரிடமும் காசில்லை. வளர்ந்த பட்டணங்களில் பழையன எல்லாம் தரைமட்டமாக, ஃபால்மத்தில் தெருத் தெருவாகப் பழைய வீடுகள் அப்படியே நின்றன. மாளிகைகள் மட்டுமா? விடுதலை பெற்ற மக்கள் தம் சொந்தக் காசில், சொந்தக் கையால் கட்டிக்கொண்ட சின்னஞ்சிறு பலகை வீடுகளும் நின்றன. காற்று வர மரச்சட்டம் வைத்த சன்னல், வாசலில் ஒரு சிறு தாழ்வாரம். இரண்டே அறைதான். ஆனால் “இது என் வீடு” என்று முதன்முதலாகச் சொன்ன மனிதனின் வீடு அது! என்னைக் கேட்டால், ஃபால்மத்தின் மிகப் பெரிய செல்வம் இந்தச் சிறிய வீடுகள்தாம்.

ஆனால் ஏழ்மை நல்ல காவல்காரனும் அல்ல. இடிக்காமல் காக்கும், ஒழுகினால் ஓடு மாற்றாது. கரையான் அரித்தது. உப்புக்காற்றில் ஆணி துருப்பிடித்தது. பாரெட் மாளிகையும் இடிபாடாகிவிட்டது.

கைத்தொழிலே காவல்

விழித்துக்கொண்டவர்கள் இல்லாமல் போகவில்லை. தேசிய மரபுடைமை அறக்கட்டளைச் சட்டம் ஜமைக்காவில் 1985-இல் வந்தது. 1996-இல் ஃபால்மத்தின் பழைய பகுதி முழுவதையும் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். பிறகு 2001-இல் ஃபால்மத் மரபுப் புதுப்பிப்பு அமைப்பு தோன்றியது. இந்த அமைப்பு செய்த காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து பழுது பார்ப்பதோடு நிற்காமல், உள்ளூர் இளைஞர்களுக்கே தச்சு வேலையும் கொத்து வேலையும் கற்றுக் கொடுத்தார்கள். குடியிருப்பவர்களை வெளியேற்றாமல் அவர்களுடைய சிறு வீடுகளைச் சீர்செய்தார்கள். அந்தக் காலத்துத் தச்சன் மரத்தோடு மரத்தை எப்படிப் பொருத்தினான் என்பதைப் பேரப்பிள்ளைகள் உளியெடுத்துச் செய்து கற்றார்கள். சட்டம் காகிதத்தில் இருக்கும். கைத்தொழில் தெரிந்த பிள்ளை ஊரில் இருப்பான். எது நிலைக்கும்?

2011-இல் ஃபால்மத்தில் பெரிய உல்லாசக் கப்பல் துறைமுகம் திறந்தார்கள். பத்தாயிரம் பேர்கூட இல்லாத ஊருக்கு, ஒரே கப்பலில் ஐயாயிரம் பேர் வந்து இறங்கலானார்கள். பணம் திரும்பி வந்தது. ஆனால் பலர் கப்பலை விட்டு இறங்கியதும் பேருந்து ஏறி வேறிடம் போய்விடுகிறார்கள் என்பது ஊராரின் மனக்குறை. ஏழ்மையில் ஒரு விதமான ஆபத்து என்றால், செல்வத்தில் வேறு விதம்.

இயற்கையின் சீற்றமோ தனி. 2025 அக்டோபர் 28-இல் மெலிசா சூறாவளி மேற்கு ஜமைக்காவைப் புரட்டிப் போட்டது. டிரெலானி வட்டாரமும் தப்பவில்லை. தென்கரையில் பிளாக் ரிவர் என்ற பழம்பட்டணம், 1893-லேயே மின்விளக்கு எரிந்த ஊர் என்று பெயர் பெற்றது. அதன் பழைய கட்டடங்கள் பல ஒரே நாளில் நொறுங்கின. இருநூறு வருஷம் நின்றது, ஒரு பகலில் போச்சு! இப்படிப்பட்ட நேரத்தில், முன்பே அளந்து வரைந்து வைத்த படமும், பழைய முறையில் கட்டத் தெரிந்த கைகளும் இருந்தால்தான் போனதை மீட்க முடியும்.

நாம் என்ன செய்யலாம்?

மாணவச் செல்வங்களே! கடல் கடந்த ஊரின் கதையை இவ்வளவு நேரம் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டத்து லயம் இன்று எங்கே? பெரிய துரை பங்களாவைப் படம் பிடித்து வைத்தவர்கள் உண்டு; லயத்தை எத்தனை பேர் படம் பிடித்தார்கள்? இடித்ததைத் தடுக்க நம்மால் முடியாமல் போயிருக்கலாம். எழுதி வைப்பதை யார் தடுக்கிறார்கள்?

இந்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். “அந்த வீட்டில் எத்தனை அறை பாட்டி? அடுப்பு எந்தப் பக்கம்? தண்ணிக் குழாய் எங்கே இருந்துச்சு? கோயில் எத்தனை எட்டு?” என்று கேளுங்கள். சொல்வதைப் படமாக வரையுங்கள். ஃபால்மத் பிள்ளைகள் உளியால் செய்ததை நீங்கள் பென்சிலால் செய்யலாம்.

பாட்டிக்கு ஞாபகம் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.