எல்லை கடந்த பணமும் இந்தியச் சட்டமும்

பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், ஓர் ஊரில் கட்டிய தொகையை மற்றோர் ஊரில் வழங்குமாறு பணிக்கும் உண்டியல் என்னும் சீட்டின் வழியாகக் கடல் கடந்து பணம் அனுப்பினர். இந்திய மொழிகளில் எழுதப்பட்ட அத்தகைய சீட்டுகளுக்குரிய உள்ளூர் வழக்கத்தை 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் குலைக்காமல் விட்டுவைத்தது, வணிகரின் நாணயத்தை அரசு மதித்ததற்கு அரிய சான்றாகும். 1947இன் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் அந்த வழியை ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதே பெயரிலான 1973ஆம் ஆண்டுச் சட்டம் பிடியை மேலும் இறுக்க, 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமோ விதிமீறலைப் பெரும்பாலும் அபராதத்துக்குரிய உரிமையியல் தவறாகத் தளர்த்தியது. பணம் செலுத்துவோரையும் பெறுவோரையும் இணைக்கும் எந்த முறைமையையும் ரிசர்வ் வங்கியின் அங்கீகாரமின்றி நடத்தலாகாது எனப் பணம் செலுத்தல், தீர்வு முறைமைகள் குறித்த 2007ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அச்சட்டத்தின் கீழ் இயங்கும் உடனடிப் பணப்பரிமாற்ற முறைமையான யுபிஐ, 2023 பிப்ரவரி 21 அன்று சிங்கப்பூரின் பேநவ் என்னும் பணப்பரிமாற்ற அமைப்புடன் இணைக்கப்பட்டது.