பிலிம் நியூஸ் ஆனந்தனும் மக்கள் தொடர்புத் தொழிலும்

தமிழ் சினிமாவில் மக்கள் தொடர்பாளர் என்ற தனி வேலை 1958இல் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ படத்தோடு தொடங்கியது. அதை முதலில் செய்தவர் பிலிம் நியூஸ் ஆனந்தன். அதற்கு முன்பும் படங்களுக்கு விளம்பரம் இருந்தது. அதற்கென்று ஓர் ஆள் மட்டும் இல்லை. கம்பெனி முதலாளியோ, தயாரிப்பு நிர்வாகியோ மற்ற வேலைகளுக்கு நடுவே அதையும் பார்த்துக்கொண்டார்கள்.

முதலாளிகளில் இதில் கைதேர்ந்தவர் எஸ்.எஸ்.வாசன். விளம்பரத் தொழிலிலிருந்து வந்தவர், 1928இல் ஆனந்த விகடனை வாங்கினார். பின்னர் ஜெமினி ஸ்டுடியோவை நடத்தினார். 1948இல் ‘சந்திரலேகா’வைத் தமிழிலும் இந்தியிலும் எடுத்து அவர் செய்த விளம்பரத்தின் அளவை அதுவரை இந்தியாவில் எந்தப் படமும் கண்டதில்லை. ஆனால் அது வாசன் என்ற ஒருவரின் சாமர்த்தியம். மற்ற கம்பெனிகள் எடுத்துச் செய்யக்கூடிய ஒரு தொழிலாக அது மாறவில்லை.

படங்களின் விளம்பரம் வெளியூர்களை எப்படி அடைந்தது என்பதற்குத் தருமபுரி ஓர் உதாரணம். சென்னையில் அச்சான விளம்பரம் அங்கே சேலம் வழியாகத்தான் வந்தது. 1965 அக்டோபர் 2 வரை தருமபுரி சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி. மாவட்டம் பிரிந்த பிறகும் விநியோகஸ்தர்களின் கணக்கில் அது ‘சேலம் ஏரியா’தான். படப்பெட்டியோடு போஸ்டர்களும் நோட்டீஸ்களும் சேர்ந்து வரும். டூரிங் டாக்கீஸ்காரர்கள் மாட்டு வண்டியின் இரு பக்கமும் தட்டி கட்டி, போஸ்டர் ஒட்டி, ஒலிபெருக்கியோடு ஊர் ஊராக அனுப்புவார்கள். வண்டியிலிருந்து வீசும் கலர் நோட்டீஸைப் பொறுக்கப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள். சாயங்காலம் கொட்டகையின் கூம்பு ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டால், அடுத்த ஊர்க்காரர்கள் அதைக் கேட்டுக் கிளம்புவார்கள். கொட்டகையில் பாட்டுப் புத்தகமும் விற்கும். நடிகர் பட்டியல், பாடல்கள், பாதியில் நிறுத்திய கதைச் சுருக்கம், கடைசியில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்ற ஒரு வரி. படம் பார்த்ததும் பெரும்பாலோர் அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அந்த மெலிந்த புத்தகங்களைச் சேர்த்து வைத்தவர் ஆனந்தன்.

அவருக்கு ஆரம்பத்திலிருந்தே புகைப்படத்தில்தான் நாட்டம். ‘பிலிம் நியூஸ்’ என்ற பத்திரிகையில் வேலை செய்ததால் அந்தப் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. எம்.ஜி.ஆர். முதன்முதலாக இயக்கிய ‘நாடோடி மன்னன்’ வெளியாக இருந்த சமயம், பத்திரிகைகளுக்குத் தர வேண்டிய ஸ்டில்கள் ஆர்.எம்.வீரப்பன் நிர்வகித்த எம்.ஜி.ஆர். பிக்சர்ஸ் அலுவலகத்தில் இருந்தன. எல்லாப் பத்திரிகைக்காரர்களையும் தனக்குத் தெரியும், தானே கொண்டுபோய்க் கொடுப்பதாக ஆனந்தன் சொன்னார். வேலை ஒழுங்காக முடிந்தது. 1958 ஆகஸ்ட் 22இல் படம் வெளியாகிப் பெரும் வெற்றி பெற்றது. புதிய தொழில் ஒன்றும் உருவாகிவிட்டது.

வெளியே தெரிவதைவிட அது கடினமான வேலை. ஒவ்வொரு ஸ்டில்லோடும் படத்தின் பெயர், நடிகர் பெயர், இயக்குநர் பெயர் பிழையில்லாமல் போக வேண்டும். வார இதழ் அச்சுக்குப் போகும் நாள் வேறு, நாளிதழ் பக்கம் முடிக்கும் நேரம் வேறு; இரண்டும் மனப்பாடமாக இருக்க வேண்டும். விமர்சனத்தைப் படித்துக் கொதிக்கும் தயாரிப்பாளரையும், பிரஸ் ஷோவுக்குத் தன்னை அழைக்கவில்லை என்று வருந்தும் நிருபரையும் ஒரே நாளில் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். இரு தரப்பும் நம்பினால்தான் இந்த வேலையில் நிலைக்க முடியும். ஆனந்தன் அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தார். 1,500க்கு மேற்பட்ட படங்களுக்கு வேலை செய்தார். பழைய படம் ஒன்றைப் பற்றி ஐயம் வந்தால் போட்டிப் பத்திரிகைகளும் அவரிடமே கேட்டன. தமிழ் சினிமாவில் இத்தனை பேரின் நம்பிக்கையை ஒருசேரப் பெற்றவர்கள் மிகக் குறைவு.

அவருடைய பெரிய பங்களிப்பு விளம்பரத்துக்கு வெளியே இருக்கிறது. முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31இல் வெளியானது. அந்தப் பத்தாண்டில் வந்த தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றின் பிரதி இன்று இல்லை. அக்காலப் பிலிம் நைட்ரேட்டால் ஆனது. எளிதில் தீப்பற்றும், வைத்தால் கெட்டுப்போகும். ஓடி முடித்த பிரதியை வெள்ளிக்காக உருக்கியதும் உண்டு. படமே மறைந்த பிறகு, அது இருந்தது என்பதற்குப் பாட்டுப் புத்தகமும் பத்திரிகை விளம்பரமும் ஸ்டில்லுமே சாட்சி. ஆனந்தன் அவற்றைத் தேடிச் சேர்த்து, வெளியான தேதி, தயாரித்த கம்பெனி, நடித்தவர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள் என்று படம் படமாகக் குறித்துவைத்தார். தமிழ்நாடு அரசு 2002இல் பத்து லட்சம் ரூபாய் அளித்து அந்தத் தொகுப்பைப் பெற்றுக்கொண்டது. ‘சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு’ என்ற அவருடைய நூல் 2004இல் வந்தது. பல்கலைக்கழகம் ஒன்று குழு அமைத்துச் செய்ய வேண்டிய வேலையைத் தனி மனிதர் ஒருவர் செய்து முடித்தார் என்பது தமிழர்கள் நன்றியோடு நினைக்க வேண்டிய செய்தி.

விளம்பரம் சினிமாவுக்கு மட்டும் உரியதல்ல, சுற்றுலா இடங்களுக்கும் அது தேவை. பொழுதுபோக்குப் பூங்காக்கள் வந்தபோதும் சினிமாக்காரர்களின் கை அவற்றில் இருந்தது. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ எடுத்த நவோதயா அப்பச்சன்தான் தாம்பரம் அருகே கிஷ்கிந்தாவை உருவாக்கினார். சென்னைக் கடற்கரையில் வி.ஜி.பன்னீர்தாஸ் நிறுவிய வி.ஜி.பி. கோல்டன் பீச் படப்பிடிப்புகளாலும் ஊரறிந்த இடமானது. தருமபுரி மாவட்டத்தில் அப்படி ஒரு கம்பெனியும் இல்லை, விளம்பரத்துக்கு ஆளும் இல்லை. ஒகேனக்கல்லின் அருவியையும் பரிசலையும் எண்ணெய்க் குளியலையும் மீன் வறுவலையும், போய் வந்தவர்கள் வாய்வழியாகப் பரப்பினார்கள். அங்கே எடுத்த சினிமாக் காட்சிகளும் உதவின. ஆடிப்பெருக்கு விழாவுக்கு அரசும் விளம்பரம் செய்கிறது.

கலைமாமணி விருது பெற்ற ஆனந்தன் 2016 மார்ச் 21இல் சென்னையில் காலமானார். அவருடைய மகன் டைமண்ட் பாபுவும் அதே தொழிலுக்கு வந்தவர். இப்போது ஸ்டில்கள் வாட்ஸ்அப்பில் போகின்றன. டிரெய்லர் சென்னையில் வெளியாகும் அதே நிமிடத்தில் தருமபுரி மாவட்டத்தின் அரூரிலும் பென்னாகரத்திலும் போனில் ஓடுகிறது. படத்தின் டைட்டிலில் மக்கள் தொடர்பாளரின் பெயர் இன்றும் இடம்பெறுகிறது.